ஏழாம் அத்தியாயம்: கோடை வெயிலும் நடுவரின் கவசமும்

கிரிக்கெட்டைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு நடுவர் என்றால், வெள்ளைக் கோட்டும் அகன்ற தொப்பியுமாக, ஓவருக்கு ஆறு பந்து தவறாமல் எண்ணுவதற்குச் சட்டைப் பையில் கூழாங்கற்களைப் போட்டுக்கொண்டு, ஆட்டத்தின் ஆரவாரத்துக்குச் சற்று அப்பால் நிற்கும் ஒரு சாந்த சொரூபியே நினைவுக்கு வருவார். அந்த உருவத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, டெக்ஸாஸிலோ ஜார்ஜியாவிலோ குடியேறிய நம்மவர் ஒருவர், மகள் ஆடும் சாஃப்ட்பால் குழுவுக்கு நடுவர் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டு, “அதற்கென்ன, நான் நிற்கிறேன்” என்று முன்வந்து, பயிற்சி வகுப்பையும் முடித்து, ஜூன் மாதத்து நடுப்பகலில் மைதானத்துக்குப் போய்ச் சேர்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அனுபவஸ்தரான மூத்த நடுவர் ஒரு பெரிய பையைத் திறந்து, இரும்புக் கம்பி முகமூடி, அதன் கீழே தொங்கும் கழுத்துக் காப்பு, மார்பையும் தோளையும் மறைக்கும் கவசம், முழங்கால் தொடங்கிப் பாதம் வரை மூடும் கால் கவசம், அடிவயிற்றுக் காப்பு, விரல்களுக்கு மேலே உருக்குத் தகடு வைத்துத் தைத்த பூட்ஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைக்கும்போது, நம்மவர் வாயிலிருந்து வரும் முதற்கேள்வி என்னவாக இருக்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. “இந்த வெயிலில் இத்தனையுமா?” என்பார். நானும் அதே கேள்வியைக் கேட்டவன்தான்.

இந்நூலைப் போட்டி நாளன்று காலையில் அவசரமாகப் புரட்டுகிறவர்களும் இருப்பார்களாதலால், விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேகப் பந்துவீச்சு ஆட்டமாகிய ஃபாஸ்ட்பிட்ச்சில், மட்டையாளர் நிற்கும் தளமாகிய ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நிற்கும் நடுவர், உஷ்ணமானி எந்த எண்ணைக் காட்டினாலும், கவசங்களில் ஒன்றையும் கழற்றலாகாது. பந்தை மேலே வளைத்து மெதுவாக எறியும் ஸ்லோபிட்ச்சில் முகமூடியை விடலாகாது. மற்றவற்றில் சிறிது இடமுண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். தளங்களின் அருகே நிற்கும் பேஸ் நடுவருக்கு இந்தச் சங்கடமே இல்லை. அவர் தொப்பியும் மெல்லிய சட்டையுமாக நிற்கிறவர். வெயில் தாங்கவில்லை என்றால் குறைக்க வேண்டியது ஆட்டங்களின் எண்ணிக்கையையும் நிற்கும் நேரத்தையுமே அன்றிக் கவசத்தை அன்று.

பலரை ஏமாற்றுவது இந்த ஆட்டத்தின் பெயர். ‘சாஃப்ட்’ என்ற சொல்லைக் கேட்டுப் பந்து பஞ்சுப் பொதி போல இருக்கும் என்று நினைத்து வருகிறவர்கள் உண்டு. பிறந்த அன்று அது மெதுவானதாகத்தான் இருந்தது. 1887-ஆம் ஆண்டு நவம்பரில், தாங்க்ஸ்கிவிங் திருநாளன்று, சிகாகோ நகரத்து ஃபாராகட் படகுக் கழகத்தில், ஹார்வர்டு, யேல் பல்கலைக்கழகங்களுக்கிடையே நடந்த அமெரிக்கக் கால்பந்தாட்டத்தின் முடிவை எதிர்பார்த்துக் கூடியிருந்த இளைஞர்கள், குத்துச்சண்டைக் கையுறை ஒன்றை எறிந்தும் அதைக் கழியால் அடித்தும் வேடிக்கை செய்துகொண்டிருக்க, அதைக் கண்ட ஜார்ஜ் ஹான்காக் என்பவர் அந்தக் கையுறையையே இறுக்கிக் கட்டிப் பந்தாக்கி, கூடத்துக்குள் ஆடும் ஓர் ஆட்டத்துக்கு விதிகளும் வகுத்தார். 1926-இல் வால்டர் ஹாகன்சன் என்பவர் சூட்டியது ‘சாஃப்ட்பால்’ என்ற பெயர். பெயர் நிலைத்துவிட்டது, பந்து மாறிவிட்டது. இன்று நம் கையில் வரும் பந்து பன்னிரண்டு அங்குலச் சுற்றளவும், ஆறேகால் முதல் ஏழு அவுன்ஸ் வரை எடையும் உள்ளது. கிரிக்கெட் பந்தின் எடை ஐந்தேமுக்கால் அவுன்ஸைத் தாண்டாது என்பதை ஒப்பிட்டுப் பார்த்தால் போதும். தோலுக்குள்ளே இருப்பது பஞ்சும் அன்று, காற்றும் அன்று; கெட்டியாக இறுகிய பாலியூரித்தேன்.

இனி அந்தப் பந்து வரும் வேகத்தைக் கணக்கிடுவோம். பெண்கள் ஆடும் ஃபாஸ்ட்பிட்ச்சில் பந்தெறியும் இடத்துக்கும் ஹோம் பிளேட்டுக்கும் இடையே 43 அடி; கிரிக்கெட்டில் இரு விக்கெட்டுகளுக்கும் இடையே 66 அடி. கல்லூரி அளவில் நன்றாக எறியும் பெண் மணிக்கு 65 மைல் வேகத்தில் எறிவாள். அதாவது, பந்து அந்த 43 அடியை அரை விநாடிக்கும் குறைவான நேரத்தில் கடந்துவிடும். அது நேராக வந்து, மட்டையாளருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் கேச்சரின் கையுறையில் விழும்வரை நமக்கு அபாயம் ஒன்றுமில்லை. ஆனால் மட்டையின் விளிம்பு லேசாக உரசிப் பாதை மாறிய பந்து இருக்கிறதே, அதுதான் நம் சத்துரு. மட்டைக்கும் கேச்சரின் தோளுக்கு மேல் எட்டிப்பார்க்கும் நம் முகத்துக்கும் இடையே ஐந்தடி தூரம் என்று வைத்துக்கொண்டால், அந்தப் பந்து நம்மை வந்தடைய விநாடியில் இருபதில் ஒரு பங்கு போதும். கண் கண்டதைக் கை செயலாக்குவதற்கு மனித தேகத்துக்கு விநாடியில் ஐந்தில் ஒரு பங்காவது வேண்டும். ஆகவே, “பார்த்து விலகிக்கொள்வேன்” என்று சொல்லும் நடுவர், தம் சாமர்த்தியத்தை அன்று, தம் அதிர்ஷ்டத்தையே நம்பி நிற்கிறார். முகமூடியில் முதல் தடவை பந்து மோதும்போது கேட்கும் ஓசையை, கோவில் மணிக்குள் தலையை விட்டவனுக்குக் கேட்கும் ஓசை என்றுதான் வர்ணிக்க முடியும். அதைக் கேட்டவர்கள் யாரும் பிறகு இந்த அத்தியாயத்தைப் படிக்க வேண்டியதில்லை.

“கிரிக்கெட் நடுவர் இதில் எதையும் அணிவதில்லையே?” என்று கேட்பவருக்கு ஒரு செய்தி. 2015 டிசம்பரில், நம் திண்டுக்கல்லில் நடந்த தமிழ்நாடு, பஞ்சாப் ரஞ்சிக் கோப்பை ஆட்டத்தில், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த நடுவர் ஜான் வார்டு, மட்டையாளர் நேராக அடித்த பந்து தலையில் பட்டு மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். அடுத்த மாதமே கான்பெர்ராவில் நடந்த சர்வதேச ஒருநாள் ஆட்டத்தில் அவர் ஹெல்மெட் அணிந்து நின்றார். கிரிக்கெட்டிலேயே இப்படியென்றால், அந்தத் தூரத்தில் பாதிகூட இல்லாத இடத்தில் குனிந்து நிற்கிறவனைப் பற்றிப் பேச்செதற்கு?

கவசம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவருடைய காயம் இருக்கிறது. முகமூடி 1870-களில் ஹார்வர்டு மாணவர் ஃபிரெட் தேயர், வாள்சண்டைக்காரர்கள் அணியும் கம்பிவலை முகமூடியைப் பார்த்துச் செய்தது. கழுத்துக் காப்பின் வரலாறு இன்னும் அண்மையது. 1976 செப்டம்பரில், சான் டியேகோ மைதானத்தில், டாட்ஜர்ஸ் பேஸ்பால் குழுவின் கேச்சர் ஸ்டீவ் யேகர், அடுத்துத் தாம் மட்டையாடும் முறைக்காக ஓரமாகக் காத்திருந்தார். களத்தில் ஆடிக்கொண்டிருந்த தோழரின் மட்டை முறிந்து, அதன் சிலாம்பு பறந்து வந்து இவர் கழுத்தில் பாய்ந்தது. உயிர் பிழைத்தவர் மீண்டும் ஆட வந்தபோது, குழுவின் சிகிச்சையாளர் பில் பூலர், முகமூடியின் தாடைப்பகுதியிலிருந்து ஒரு சிறு பலகை தொங்கும்படி அமைத்துக் கொடுத்தார். வெயிலில் நடுவர்கள் முதலில் கழற்றி எறிவது அந்தச் சிறு பலகையைத்தான். ‘காற்று வருவதற்கு’ என்பார்கள். அது மறைப்பது மூன்று நான்கு அங்குலம். அதைக் கழற்றுவதால் வரும் காற்று விசிறி மட்டையின் ஒரு வீச்சுக்கும் ஈடாகாது. ஆனால் அந்த மூன்று நான்கு அங்குலத்துக்குள்தான் மூச்சுக்குழல் போகிறது.

மார்புக் கவசத்தைப் பற்றியும் ஒரு பழைய விவகாரம் உண்டு. அமெரிக்கன் லீக் பேஸ்பால் நடுவர்கள் நெடுங்காலம் மார்புக்கு முன்னால் கையில் பிடித்துக்கொள்ளும் பெரிய காற்றுமெத்தை ஒன்றை வைத்திருந்தார்கள். உடம்போடு ஒட்டாததால் உள்ளே காற்று புகும். கோடைக்கு அது சுகமே. ஆனால் அந்த மெத்தையைத் தூக்கிக்கொண்டு மட்டையாளருக்கும் கேச்சருக்கும் நடுவே தாழக் குனிய முடியாது. குனிய முடியாதவருக்குத் தாழ்வாக வரும் பந்து சரியாகத் தெரியாது. எனவே சட்டைக்குள் அணியும் கவசமே வென்றது. மெத்தை பிடித்த கடைசி நடுவரான ஜெர்ரி நியூடெக்கர் 1985-இல் ஓய்வு பெற்றதோடு அந்த மெத்தையும் ஓய்வு பெற்றது. சுகத்துக்கும் தொழிலுக்கும் நடந்த அந்த வழக்கில் தொழில்தான் ஜெயித்தது என்பதைப் புதிய நடுவர் கவனிக்க வேண்டும்.

இவ்வளவு சொன்னதனால் வெயிலைப் பற்றிய முறையீட்டை நான் அலட்சியம் செய்கிறேன் என்று கருதலாகாது. அது நியாயமான முறையீடு. மனித தேகத்தின் தோல் ஏறக்குறைய 35 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தில் இருக்கிறது. காற்று அதைவிடக் குளிர்ந்திருக்கும்வரை தோலிலிருந்து வெப்பம் காற்றுக்குப் போகும். காற்று அதைவிடச் சூடானால் காற்றிலிருந்து நமக்கு வரும். அப்போது தேகத்துக்கு மிஞ்சும் ஒரே உபாயம் வியர்வை. அந்த வியர்வையும் வழிந்து தரையில் சொட்டினால் பிரயோஜனமில்லை. தோலின்மேல் இருந்து ஆவியாகிப் போனால்தான் குளிர்ச்சி. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். அதே லிட்டர் கவசத்துக்குள் தேங்கி நுரைப்பஞ்சில் ஊறினால், இழந்தது தண்ணீரும் உப்பும், பெற்றது ஒன்றுமில்லை. நடுவரின் கவசம் மூடுவதோ, வியர்வை சுரக்கும் மார்பையும் வயிற்றையும். காற்றில் ஈரப்பதம் மிகுந்த அலபாமா, ஜார்ஜியா பக்கங்களில் ஆவியாதலே தயங்கும். வறண்ட அரிசோனாவில் வியர்ப்பதே தெரியாமல் தேகம் வற்றிவிடும். இரண்டில் எது கொடிது என்று என்னைக் கேட்டால், தெரியாமல் கொல்வதுதான் என்பேன்.

அந்த ஜார்ஜியாவிலேயே, உயர்நிலைப்பள்ளி விளையாட்டுக்களை நடத்தும் சங்கம் ஒரு விதி வைத்திருக்கிறது. கவசத்தைக் கழற்ற வேண்டும் என்று வாதிப்பவர்கள் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். அங்கே உஷ்ணத்தை வெறும் உஷ்ணமானியால் அளப்பதில்லை. ஈரத்துணி சுற்றிய உஷ்ணமானி, வெயிலை வாங்கும் கறுப்புக் கோளத்துக்குள் வைத்த உஷ்ணமானி, சாதாரண உஷ்ணமானி ஆகிய மூன்றையும் சேர்த்து, ஈரத்துக்குப் பத்தில் ஏழு பங்கும், கோளத்துக்கு இரண்டு பங்கும், காற்றுக்கு ஒரு பங்கும் கொடுத்துக் கணக்கிடும் ஓர் எண்ணைக் கொள்கிறார்கள். டபிள்யூ.பி.ஜி.டி. என்று அதைச் சுருக்கி அழைப்பார்கள். 1950-களில் அமெரிக்க மரைன் படையினர் பயிற்சியில் மயங்கி விழுவதைத் தடுக்க உண்டான கணக்கு அது. அந்த எண் 87 ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் அமெரிக்கக் கால்பந்தாட்டப் பயிற்சியில் தலைக்கவசமும் தோள் கவசமும் அரைக்கால் சட்டையும் மட்டுமே. 90-ஐத் தொட்டால் பயிற்சி ஒரு மணி நேரந்தான், கவசம் எதுவும் கூடாது. 92-ஐத் தாண்டினால் மைதானத்துக்கே வரக்கூடாது.

“பார்த்தீர்களா, உஷ்ணம் ஏறினால் கவசத்தைக் கழற்றச் சொல்கிறார்களே” என்பது வாதம். ஆனால் அங்கே என்ன நடக்கிறது என்று கூர்ந்து பாருங்கள். கவசத்தைக் கழற்றச் சொல்வது பயிற்சியில். கவசம் இல்லாத பிள்ளைகளை ஒருவர்மேல் ஒருவர் மோதவிடுகிற பயிற்சியாளர் எவரும் இல்லை. கவசம் போகும்போது, அது எந்த அபாயத்துக்காக அணியப்பட்டதோ அந்த அபாயமும் கூடவே போய்விடுகிறது. சாஃப்ட்பால் நடுவரோ கவசத்தைக் கழற்றிவிட்டு அதே இடத்தில், அதே பந்துக்கு எதிரே நிற்கிறார். பந்தெறியும் பெண்ணை மெதுவாக எறியும்படி யாரும் சொல்வதில்லை. ஆகவே அந்த விதியிலிருந்து நாம் கற்க வேண்டியது, கவசம் அணிய முடியாத வெயிலில் ஆட்டமும் கூடாது என்பதே.

ஸ்லோபிட்ச்சின் நிலைமை வேறு. 50 அடி தூரத்திலிருந்து தலைக்கு மேலே வளைந்து வரும் பந்து, ஹோம் பிளேட்டை அடையும்போது ஃபாஸ்ட்பிட்ச் பந்தைவிட மிக மெதுவாகவே இருக்கும். உரசிப் பின்னால் தெறிக்கும் பந்தும் பெரும்பாலும் மேல்நோக்கி எழும்பிப் போகும். இங்கே மார்புக் கவசத்தையும் கால் கவசத்தையும் அணியாத நடுவர்களே அதிகம். வெயில் மிகுந்த நாளில் அவற்றை விட்டுவிடுவதை நான் குறை சொல்ல மாட்டேன். முகமூடியை மட்டும் விடவேண்டாம் என்று சொல்வதற்குக் காரணம், எறியப்படும் பந்து அன்று. இக்காலத்துக் கலவைப்பொருள் மட்டைகளின் கீழ்விளிம்பில் பட்டுத் திரும்பும் பந்து, வியர்த்த கையிலிருந்து வழுக்கிப் பறக்கும் மட்டை, ஓட்டம் எடுக்க வருகிறவரை வெளியேற்றக் களத்திலிருந்து அவசரமாக வீசப்படும் பந்து ஆகிய மூன்றும் மெதுவாக வருவன அல்ல. வியர்த்த கை என்று சொன்னேன். வெயில் ஏற ஏற மட்டை வழுக்குவதும் ஏறும் என்பதால், உஷ்ணம் முகமூடிக்கு எதிரான வாதம் அன்று, ஆதரவான வாதமே. (சிகாகோவில் பதினாறு அங்குலப் பந்தை வெறுங்கையாலேயே பிடித்து ஆடும் ஒரு வகை உண்டு. அதை ஆடி விரல் கோணிப்போனவர்கள் அந்தக் கோணலைப் பெருமையாகக் காட்டுவார்கள். நமக்கு அந்தப் பெருமை வேண்டாம்.) எந்த ஆட்டத்தில் எது கட்டாயம் என்பது நடத்தும் சங்கத்துக்குச் சங்கம் மாறும், அவர்கள் விதிப்புத்தகத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கிப் படித்துவிடுங்கள்.

நான் கண்ட ஒன்றை இங்கே எழுதுவது உசிதம். டெக்ஸாஸில் ஒரு பூங்கா. ஆகஸ்டு மாதத்துச் சனிக்கிழமை. பதினாறு வயதுப் பெண்களின் ஃபாஸ்ட்பிட்ச் போட்டி. நான் பேஸ் நடுவர். பிளேட்டில் நின்றவர் அறுபதை நெருங்கியவர், என்னைவிட எத்தனையோ மடங்கு அனுபவசாலி. அது அவருக்குத் தொடர்ந்து மூன்றாவது ஆட்டம். “நேரமாகிவிட்டது, அடுத்ததை ஆரம்பியுங்கள்” என்று அமைப்பாளர்கள் விரட்டிக்கொண்டிருந்தார்கள். நான்காம் இன்னிங்ஸில் மட்டையாடிய பெண், நான்கு பந்து தவறாக வந்துவிட்டபடியால் மட்டையைக் கீழே போட்டுவிட்டு முதல் தளத்தை நோக்கி நடந்தாள். அவர் அவளைத் திரும்ப அழைத்தார். பிறகு, எண்ணிக்கைக்காக இடது கையில் வைத்திருந்த இண்டிகேட்டரைப் பார்த்தார், கட்டை விரலால் அதன் சிறு சக்கரத்தை ஒருமுறை உருட்டினார், மறுபடியும் பார்த்தார், மூன்றாம் முறை அதைக் கண்ணுக்கருகே கொண்டுபோனார். நான் ஓடிப்போய் அருகில் நின்றபோது, அவர் முன்கையில் மயிர் சிலிர்த்திருந்தது. “இங்கே குளிர்கிறதே” என்றார். நிழலில் படுக்கவைத்து மார்புக் கவசத்தைக் கழற்றினோம். அதன் உட்பக்கத்து நுரைப்பஞ்சை என் விரல் அழுத்திய இடத்திலெல்லாம் நீர் கசிந்தது. உள்ளே அவர் அணிந்திருந்த பருத்திப் பனியனைப் பிழிந்தால் ஒரு செம்பு நிரம்பியிருக்கும். பந்து வைத்திருந்த ஐஸ் பெட்டியைக் கவிழ்த்து அவர் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் பனிக்கட்டியை வைத்து, நனைந்த துண்டுகளைப் போர்த்தி, ஆம்புலன்ஸையும் அழைத்தோம். மறுநாள் வீடு திரும்பினார்.

ஐஸ் பெட்டியில் பந்து எப்படி வந்தது என்று வாசகர் கேட்கலாம். பாலியூரித்தேன் வெயிலில் இளகும். இளகிய பந்து தூரம் போகாது. ஆதலால் பந்தைக் குளிர்ச்சியில் வைக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. பந்துக்கு நிழலும் பனிக்கட்டியும் இருந்த மைதானத்தில், நடுவருக்கு ஒரு நாற்காலிகூட இல்லை என்பதை நான் அன்று கவனித்தேன்.

அவரைச் சாய்த்தது கவசமா? அன்று மாலை பலர் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். என் அபிப்பிராயம் வேறு. இரண்டாம் ஆட்டத்தின் முதல் இன்னிங்ஸில் ஒரு பந்து அவர் மார்புக் கவசத்தின் நடுவிலே மோதித் தெறித்ததை நான் கண்டேன். நெஞ்சின்மேல் ஒரு குறிப்பிட்ட கணத்தில் விழும் அடி, இதயத்தின் தாளத்தையே குலைத்துவிடக்கூடும் என்பது வைத்தியர்கள் அறிந்த விஷயம். அன்று அவரைக் காத்தது அந்தக் கவசம். அவரைச் சாய்த்தது மூன்று ஆட்டம் இடைவிடாமல் நின்றதும், பருத்திப் பனியனும், நிழலின்மையும், “வேண்டாம்” என்று சொல்ல அவருக்கிருந்த கூச்சமும்.

இனி, கவசத்தையும் அணிந்து பிராணனையும் காத்துக்கொள்ளும் வழி. கோடையின் முதல் போட்டிக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே தேகத்தை வெயிலுக்குப் பழக்கத் தொடங்க வேண்டும். ஏழு முதல் பதினான்கு நாளில் தேகம் சீக்கிரமாகவும் அதிகமாகவும் வியர்க்கக் கற்றுக்கொள்ளும். வியர்வையில் போகும் உப்பும் குறையும். முதல் நாள் சிறிது நேரம், பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டி, கடைசி நாட்களில் கவசத்தை அணிந்தே நடப்பது நலம். அக்கம்பக்கத்தார் வேடிக்கை பார்ப்பார்கள், பார்க்கட்டும். குளிர்சாதன அறையில் மே மாதம் முழுவதும் உட்கார்ந்திருந்துவிட்டு ஜூன் முதல் சனிக்கிழமை நான்கு ஆட்டத்துக்கு ஒப்புக்கொள்ளுகிறவர்களே பெரும்பாலும் விழுகிறவர்கள்.

கவசத்துக்கு அடியில் பருத்தி வேண்டாம். நம் ஊர் வெயிலுக்குப் பருத்தியே உகந்தது என்று வளர்ந்த நமக்கு இது கசப்பான உபதேசம்; ஆனால் காற்றோட்டமில்லாத இடத்தில் பருத்தி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். விளையாட்டுக்காரர்கள் அணியும் மெல்லிய, இறுக்கமான பாலியெஸ்டர் உட்சட்டை ஈரத்தைப் பரப்பிச் சீக்கிரம் உலரும். ஆட்டத்துக்கு ஒன்றாக எடுத்துச் செல்லுங்கள். மார்புக் கவசம் வாங்கும்போது, முழுவதும் தடித்த நுரைப்பஞ்சாக உள்ளதைவிட, கடினத் தகடுகளைத் தனித்தனியே இணைத்து இடையிடையே காற்றுக்கு வழி விட்டதைத் தேர்ந்தெடுங்கள். விலை அதிகம், ஆனால் கோடையில் அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். தலை முழுவதையும் மூடும் ஹெல்மெட் வகையைவிடப் பழைய கம்பி முகமூடியில் காற்று நன்றாகப் புகும். மேற்சட்டை அடர்நீலமா வெளிர்நீலமா என்று தெரிந்தெடுக்கும் உரிமை இருந்தால் வெளிர்நீலத்தை எடுங்கள். ஆட்டக்காரர்கள் எப்படியும் உங்களை ‘ப்ளூ’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

தண்ணீரைத் தாகம் எடுக்குமுன் குடிக்கத் தொடங்குங்கள். பதினைந்து இருபது நிமிஷத்துக்கு ஒரு தம்ளர் என்பது நல்ல கணக்கு. அதற்காக மடக்கு மடக்கென்று குடம் குடமாகக் குடிப்பதும் அபாயமே. மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டிக் குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்துப்போய், வெயிலால் விழுவது போலவே தண்ணீரால் விழ நேரும். இரண்டு ஆட்டத்துக்கு மேல் நிற்பவர் உப்பும் சர்க்கரையும் கலந்த பானம் ஒன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1965-இல் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேடு என்ற மருத்துவர் கால்பந்தாட்டக்காரர்களுக்காகச் செய்த கேட்டரேடு அந்த வகையில் முதலில் புகழ்பெற்றது. உப்புப் போட்ட நீர்மோரை நான் குடுவையில் கொண்டுபோவதுண்டு. சக நடுவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள், பிறகு கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

இன்னிங்ஸ் மாறும்போதெல்லாம் முகமூடியைக் கழற்றிவிட்டு, நிழல் பக்கமாக நான்கடி நடந்து, ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டைக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள். ஆட்டத்துக்கும் ஆட்டத்துக்கும் இடையே மார்புக் கவசத்தையும் கழற்றி, உட்பக்கம் வெளியே தெரியும்படி நிழலில் மாட்டுங்கள். ஒரு வாளியில் குளிர்ந்த நீரை வைத்து முன்கை இரண்டையும் முழங்கை வரை பத்து நிமிஷம் அமிழ்த்தி வைப்பது, தீயணைப்பு வீரர்கள் கையாளும் முறை. மிகச் சுலபமானதும் மிகப் பயனுள்ளதும் அதுவே. இருவர் நடுவர்களாக இருந்தால் பிளேட்டும் பேஸும் மாறி மாறி நிற்க வேண்டும். ஒருவரே தொடர்ந்து இரண்டு ஆட்டம் பிளேட்டில் நிற்க இடங்கொடுக்கலாகாது. இரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரையோ, இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரையோ, ஒவ்வாமைக்கு மாத்திரையோ உட்கொள்ளுகிறவர்கள், கோடை தொடங்குமுன் தம் வைத்தியரிடம் “நான் வெயிலில் கவசம் போட்டுக்கொண்டு நிற்கிறவன்” என்பதைத் தெளிவாகச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும். நம் தொழிலில் ஐம்பதைத் தாண்டியவர்கள் அதிகம். இதைச் சொல்ல வெட்கப்படுகிறவர்களும் அவர்களே.

கூட்டாளி நடுவரைக் கவனிப்பதும் உங்கள் கடமை. தலைக்குச் சூடேறியவருக்குத் தமக்குச் சூடேறியது தெரியாது. எண்ணிக்கை தவறுவது, பேச்சுக் குழறுவது, காரணமில்லாமல் சினப்பது, வெயிலில் குளிர்கிறது என்பது, தள்ளாடுவது ஆகியவற்றில் எது தென்பட்டாலும், எந்த இன்னிங்ஸாயிருந்தாலும் ஆட்டத்தை நிறுத்திவிடுங்கள். புத்தி தடுமாறியவரின் உள்ளுஷ்ணம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கலாம். அது உயிருக்கு ஆபத்தான நிலை. 911-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் அந்த நிமிஷமே குளிர்விக்கத் தொடங்க வேண்டும். கவசத்தைக் கழற்றி, கிடைத்தால் குளிர்ந்த நீர்த் தொட்டியில் கழுத்தளவு அமிழ்த்தி, தொட்டியில்லாவிட்டால் பனிக்கட்டியும் நனைந்த துண்டும் கொண்டு தேகம் முழுவதும் குளிர்வியுங்கள். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

போட்டிக்கு ஒப்புக்கொள்ளுமுன் அமைப்பாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: நடுவருக்கு நிழல் எங்கே, ஒரு நாளில் பிளேட்டில் எத்தனை ஆட்டம், எந்த உஷ்ணத்தில் நிறுத்துவீர்கள். விடை திருப்தியாக இல்லையென்றால், “வேறு ஆளைப் பாருங்கள்” என்று மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். நடுவர் பற்றாக்குறை உள்ள தேசத்தில் அந்தச் சொல்லுக்கு மதிப்பு உண்டு. நான் இதுவரை இருமுறை அப்படிச் சொல்லியிருக்கிறேன். முதல் முறை வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள். இரண்டாம் முறை, சனிக்கிழமை காலை நான் போய்ச் சேருமுன்பே மைதானத்தில் ஒரு பந்தலும், அதன் கீழே இரண்டு நாற்காலியும், ஒரு வாளித் தண்ணீரும் இருந்தன.